நாற்பத்தோராவது வரி

ஒரே காலையில் பதினொரு கிளினிக்குகளை உயிர்ப்பித்தவன் நான். பட்டர்வொர்த்தில் ஆரம்பித்து, பாகான் டாலாம், புக்கிட் மெர்தாஜாம் என்று மோட்டாரில் பறந்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, செத்துக் கிடந்த கணினிகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாத் திரைகளிலும் எண்களை ஓடவிட்டேன். கம்பெனியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஏழு வருடமாக இந்தக் கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். பொய். எழுப்பியது உண்மைதான். ஆனால் அவற்றைச் சாகடித்ததும் நான்தான். தலைக்கவசத்தைக் கழற்றாததும் அவசரத்தினால் அல்ல, முகத்தைக் காட்டப் பயம்.

அந்தப் பழியை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். ஆபீஸில் எல்லாரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். இன்று மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் பழைய ஃபைல்களை அழிக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால், எந்த வரியை யார் எழுதினார் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாஸ் கையெழுத்து வைப்பார். என் வரிக்கு எதிரே மேடத்தின் பெயர் இருக்கிறது. கையெழுத்து விழுந்துவிட்டால் அதுதான் கடைசி. அதற்குள் நான் வாயைத் திறக்க வேண்டும். அதற்கு ஒத்திகையாகத்தான் ஆபீஸ் மூலையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். மூடுவதுதானே இவனுக்குக் கஷ்டம் என்பார்கள்.

நான் படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாவதோடு, பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பள்ளிக்கூடமும் திருப்பிக் கும்பிட்டிருக்கும். யாரும் தேடி வரவில்லை. கூரைப் பலகைக்கு மேலே எலியோடு எலியாகத் தவழ்ந்து ஒயர் இழுக்கிற வேலைதான் எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு நாள் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் ஒயர் இழுக்கப் போனேன். சின்னக் கம்பெனி. கிளினிக்குகளில் பட்டனை அழுத்தினால் ஒரு சீட்டு வரும், உங்கள் எண் வந்ததும் பெரிய திரையில் காட்டி ‘மூன்றாம் கவுண்டருக்கு வரவும்’ என்று ஒரு குரல் கூப்பிடும் அல்லவா, அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள். நான் கூரையிலிருந்து விட்ட ஜோக்குகளுக்குப் பாஸ் சிரித்தார். அவர் சீனர், எனக்கு சீனம் வராது, அவருக்குத் தமிழ் வராது. மலாயில் அடித்த ஜோக்குக்கே சிரிக்கிறாரே என்று ஒப்பந்த ஆளாக ஒட்டிக்கொண்டேன். பெட்டிகளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய்க் கிளினிக்குகளில் மாட்டிவிட்டு வருவது என் வேலை.

அந்த மென்பொருள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். ஆனால் தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரியாத ஜென்மம் அது. காலையில் நர்ஸ் சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு குறிப்பைப் படிக்கும். படித்த பிறகுதான், ‘சரி, நான் புக்கிட் மெர்தாஜாம், எனக்கு மூன்று கவுண்டர், முதலில் மலாயில் பேச வேண்டும், பிரிண்டர் இன்னது’ என்று அதற்குப் புத்தி வரும். அந்தக் குறிப்புக்குப் பெயர்தான் கான்ஃபிக் ஃபைல். ஒவ்வொரு கிளினிக்குக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு. எல்லாருக்கும் சேர்த்து ஒரு பொது ஃபைலும் உண்டு. அது ஆபீஸில் இருக்கும், பதினொரு பெட்டிகளும் காலையில் அதை எடுத்துப் படித்துக்கொள்ளும். தனி ஃபைலில் தப்புச் செய்தால் ஒரு கிளினிக் படுக்கும். பொது ஃபைலில் தப்புச் செய்தால் எல்லாம் சேர்ந்து படுக்கும். இதை மேடம் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஒரு தடவை சொன்னது யாருக்குப் போதாது என்று பின்னால் தெரிந்தது.

மேடம்தான் இந்த ஃபைல்களுக்கெல்லாம் பொறுப்பு. யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம். அப்பா அந்தக் காலத்து ரயில்வே கிளார்க். மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் அம்மாவோடு இருந்தார். அவருடைய மேசையில் இரண்டு பேனா, ஒரு நீல டிஃபன் கேரியர், அவ்வளவுதான் இருக்கும். எந்த மாற்றமாக இருந்தாலும் அவருக்கு மூன்று படி உண்டு. முதலில் ஆபீஸில் இருக்கிற ஒத்திகைப் பெட்டி. அடுத்து, பாகான் டாலாம் கிளினிக்கின் பின்னறையில் நோயாளிகள் கண்ணில் படாமல் வைத்திருந்த சோதனைப் பெட்டி. அங்கே ஒரு முழுநாள் ஒழுங்காக ஓடினால்தான் நிஜம். “நேரா நிசத்திலை கை வைக்கிறவர் என்னோடை வேலை செய்ய ஏலாது” என்பார். ஒரு புள்ளியைத் திருத்துவதற்கும் அதே மூன்று படிதான். எனக்குச் சிரிப்பாக வரும். ஒரு புள்ளிக்காக ஆபீஸிலிருந்து ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போய், பாகான் டாலாமில் உட்கார்ந்து, அது பத்திரமாக இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். புள்ளி நன்றாகத்தான் இருந்தது. நான்தான் இளைத்துப் போனேன்.

மேடம் தீவில், நான் கடலுக்கு அந்தப் பக்கம். வாரத்தில் ஒரு நாள்தான் நேரில் பார்ப்போம். ஃபோனில் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் ஒரு வழக்கம் தானாக வந்தது. கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியின் தலையில் ஹேஷ் குறியைப் போட்டுவிட்டால், ஃபோனில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்குமே அந்தக் குறுக்கும் நெடுக்குமான கோடு, அதைப் போட்டுவிட்டால் இயந்திரம் அந்த வரியைத் திரும்பிப் பார்க்காது. அது மனிதர் படிப்பதற்கு. மேடம் எனக்குச் சொல்ல வேண்டியதை அப்படி எழுதி வைப்பார். நான் கிளினிக்கில் பெட்டியைத் திறந்து படித்து, செய்து முடித்து, கீழே பதில் எழுதுவேன். அந்தக் கணினிகளில் தமிழ் எழுத்து கிடையாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதுவோம். எனக்கு இங்கிலீஷ் வராதது யாருக்கும் தெரியாமல் போக அதுவும் ஒரு வசதி.

“பிரிண்டர் பேரை மாத்தினா எனக்குச் சொல்ல வேணும்” என்று ஒரு முறை எழுதியிருந்தார். நான் கீழே, “நான் மாத்தல மேடம், அதுவே மாத்திக்கிச்சு, கல்யாணம் ஆயிருக்கும் போல” என்று எழுதினேன். மறுநாள் அதற்குக் கீழே, “வேலையைப் பாருங்கோ” என்று இருந்தது. சரி, வாங்கிக் கட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். அதற்கும் கீழே, இரண்டு வரி இடம் விட்டு, “மாப்பிள்ளை ஆர்?” என்று இருந்தது. அன்று கிளினிக்கின் பின்னறையில் தனியாக உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்று வீட்டில் பெண் பார்த்தார்கள். மூன்று வீட்டிலும் நான் வாயைத் திறந்தேன். அதற்குப் பிறகு யாரும் சிரமப்படவில்லை. பட்டர்வொர்த்தில் ஒற்றை அறை வீடு. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்து தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன். என்ன ஓடுகிறது என்று பார்க்க மாட்டேன், யாரோ வீட்டில் பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பகலில் நான் பேசாத ஆள் கிடையாது, கடைக்காரர், நர்ஸ், காவல்காரர், ஃபெர்ரியில் பக்கத்து மோட்டார்க்காரர். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அது அவர்கள் தப்பில்லை. நேற்று நீ சொன்னது என்ன ஆயிற்று என்று மறுநாள் திருப்பிக் கேட்டது அந்த ஃபைல் மட்டும்தான். ஊரில் எல்லாரும் என்னை அண்ணே என்பார்கள். மேடம் மட்டும் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெறுமே ‘நீங்கள்’ என்பார்.

அவருடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது மேடம் பாதி நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பொது ஃபைலின் பாஸ்வேர்டை எனக்குக் கொடுத்தார். கம்பெனி விதிப்படி அது பெரிய தப்பு. ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, “மனப்பாடம் செய்துபோட்டுக் கிழிச்சிடுங்கோ. என்னைக் கேக்காமல் தொடக் கூடாது” என்றார். அவர் வாழ்க்கையில் விதியை மீறிய ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். மீறுவதற்கு ஆள் பார்த்தார் பாருங்கள்.

அம்மா இறந்த அன்று அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வந்தவர்கள் எல்லாம் பதினொரு மாடி ஏறி, வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. யாரும் பேசாத இடத்தில் எனக்கு நாக்கு அரிக்கும். “நல்லவேளை, அம்மாவுக்கு மேல போக லிஃப்ட் தேவப்படல” என்றேன். சொல்லி முடித்துத் திரும்பினால், கையில் தண்ணீர் டம்ளரோடு மேடம் நிற்கிறார். அந்தத் தண்ணீர் எனக்குக் கொண்டுவந்தது. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் இடமில்லை. வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். ஃபைலில் அவருடைய வரிகள் வற்றிப்போய்விட்டன. “நாலாம் கவுண்டர் மூடவும்.” “செய்தாச்சா?” அவ்வளவுதான். நான் எழுதிய ஜோக்குகளுக்குக் கீழே வெற்றிடம். அந்த வாரம் சாமான் எடுக்க ஆபீஸுக்குப் போனபோது பார்த்தேன், மேசையில் நீல டிஃபன் கேரியர் இல்லை. அதை இத்தனை வருடமும் கட்டிக் கொடுத்தது அம்மா. அதற்குப் பதிலாக ஒரு பிஸ்கட் பாக்கெட், பிரிக்காமல். மணி இரண்டு. அடுத்த வாரம் போனபோதும் அதே பாக்கெட், அதே இடத்தில் இருந்தது. எழுந்து போய், ‘வாங்க மேடம், கீழே கோப்பிக்கடையில் ஏதாவது சாப்பிடலாம்’ என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். லிஃப்டைப் பற்றிச் சொன்ன வாய் அது. திரும்ப அவர் எதிரில் திறக்கப் பயமாக இருந்தது.

மறுநாள் மாலை ஐந்தரைக்குப் புக்கிட் மெர்தாஜாம் கிளினிக்கின் பின்னறையில், மருந்து அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். கிளினிக்குகளின் தனி ஃபைலை மேடம் ஏதாவது பிரச்சினை வந்தால்தான் திறப்பார். பொது ஃபைலைத்தான் தினமும் காலை எட்டரைக்கு, பையை வைத்ததும் முதல் வேலையாகத் திறப்பார். எனவே அதில் எழுதினால் கண்டிப்பாகப் பார்ப்பார். குறிப்பு வரிதானே, இயந்திரம் படிக்கப் போவதில்லையே, மூன்று படியெல்லாம் இதற்கு எதற்கு? பாஸ்வேர்டைப் போட்டேன். நாற்பத்தோராவது வரி காலியாக இருந்தது. ஹேஷ் குறியை ஒழுங்காகப் போட்டேன். இதை நான் சத்தியம் செய்வேன். பிறகு, “அன்னிக்கு லிஃப்டப் பத்தி சொன்னது தப்பு மேடம்” என்று எழுதினேன். ஆறியதைக் கிளறுவது மாதிரி இருந்தது, அழித்தேன். “அம்மா ரொம்ப நல்லவங்க” என்று எழுதினேன். நான் அந்த அம்மாவை உயிரோடு பார்த்ததே இல்லை, அழித்தேன். ஒரு ஜோக் எழுதினேன். அது என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன், நல்ல ஜோக்தான், அதையும் அழித்தேன். கடைசியில், “மேடம் சாப்டீங்களா” என்று எழுதினேன். திருப்பித் திருப்பிப் படித்தேன். என் வாழ்க்கையில் ஜோக் இல்லாமல் நான் எழுதிய முதல் வாக்கியம். சேமித்துவிட்டு, மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

அழிக்கிற பட்டனை அழுத்திப் பிடித்தபடி மூன்று தடவை அழித்தேன் அல்லவா? மூன்றாவது தடவை ஹேஷ் குறியும் சேர்ந்து போயிருக்கிறது.

காலை ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. பட்டர்வொர்த் கிளினிக்கின் மலாய்க்கார நர்ஸ். “அபாங், சப்டிங்களா இத்து அப்பா?” என்று கேட்டார். அண்ணே, சாப்டீங்களா என்றால் என்ன என்று ஒரு மலாய்ப் பெண் காலை ஏழு மணிக்கு ஏன் கேட்கிறார் என்று எனக்கு முதலில் ஓடவில்லை. ஓடியதும் மோட்டார் சாவியைத் தேட ஆரம்பித்தேன். ஹேஷ் குறி இல்லாத அந்த வரியை இயந்திரம் கட்டளை என்று எடுத்துக்கொண்டு, விளங்காமல் திகைத்து நின்றுவிட்டது. சும்மா நின்றிருந்தாலும் பரவாயில்லை. பதினொரு கிளினிக்கிலும் பெரிய திரையில் சிவப்புப் பட்டை போட்டு, நாற்பத்தோராவது வரி புரியவில்லை என்று சொல்லி, அதற்குக் கீழே அந்த வரியையும் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டிவிட்டது. “வைரஸ்லா அது, தொடாதீங்க” என்று நர்ஸிடம் மலாயில் சொல்லிவிட்டு மோட்டாரை எடுத்தேன்.

பெட்டிகள் ஏற்கனவே நகல் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டதால், ஆள் நேரில் போய் ஒவ்வொன்றிலும் அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி கிளப்ப வேண்டியிருந்தது. பாகான் டாலாம் கிளினிக்கில் நுழைந்தபோது ஒரே கூட்டம். சீட்டும் இல்லை, எண்ணும் இல்லை, யார் முதலில் வந்தது என்று சண்டை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா மட்டும் திரையை நிதானமாகப் படித்துவிட்டு என்னிடம், “இன்னும் இல்லலா தம்பி. ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. கம்ப்யூட்டர்கூட கேக்குது, எம்மவன் கேக்கல” என்றார். வேறு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன்.

கடைசிப் பெட்டியை எழுப்பிவிட்டு ஆபீஸுக்குப் போனேன். பாஸ் அறையில் மேடம் நின்றுகொண்டிருந்தார். மேசையில் ஒரு தாள். பொது ஃபைலை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு. முதல் நாள் மாலை, மேடத்தின் பெயர். நான் போட்டது அவருடைய பாஸ்வேர்டு அல்லவா. நான் நுழைந்தது மேடத்துக்குத் தெரியும், திரும்பவில்லை. பாஸ் மலாயில்தான் பேசினார். இதை எழுதியது யார் என்று கேட்டார்.

மேடத்துக்கு அந்த எழுத்து யாருடையது என்று தெரியாமல் இருக்குமா? ஐந்து வருடம் படித்த எழுத்து. உண்மையைச் சொன்னால் பாஸ்வேர்டு கொடுத்த தப்புக்கு அவருக்கும் திட்டு விழும், ஆனால் வேலை போவது எனக்குத்தான். நான் ஒப்பந்த ஆள். அவர், “நான்தான். அம்மா போனதிலிருந்து எனக்குக் கவனம் சரியில்லை” என்றார். பாஸ் கெட்டவர் அல்ல. குரலைத் தாழ்த்தி, அந்த வரிக்கு அர்த்தம் என்ன என்று கேட்டார். மேடம் சொன்னார். சாப்பிட்டாயா என்று யாரைக் கேட்டாய் என்றார் பாஸ்.

“என்னையேதான்” என்றார் மேடம்.

நான் இரண்டடி தள்ளி, தலைக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தேன். பாஸ் என் பக்கம் திரும்பி, பதினொரு இடமும் ஓடுகிறதா என்றார். ஓடுகிறது என்றேன். அந்த நாள் முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அது. என் தோளைத் தட்டினார். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். மேடத்தின் கையிலிருந்து மறுநாளே நிஜ ஃபைல்களை எடுத்துவிட்டார்கள். இனி ஒத்திகைப் பெட்டி மட்டும்தான் அவருக்கு. அன்று பாஸ் அறையிலிருந்து வெளியே வந்ததும் நான் பின்னால் ஓடி, “மேடம்…” என்றேன். “பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

மறுநாளிலிருந்து கிளினிக் ஃபைல்களில் எனக்கு எந்த வரியும் வரவில்லை. வேறு ஒருவர் பொறுப்பேற்றார். அவர் சொல்ல வேண்டியதை வாட்ஸாப்பில் அனுப்புவார், இங்கிலீஷில். பொது ஃபைலைத் திறந்து பார்க்க எனக்குத் தடை ஒன்றுமில்லை, மாற்றுவதற்குத்தான் பாஸ்வேர்டு. மனம்தான் வரவில்லை. அதைத் திறப்பது என்றால் பாஸ் அறைக்குள் மறுபடி நுழைவது மாதிரி.

ஆறு மாதத்தில் மேடம் வேலையை விட்டார். ஈப்போவில் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். ஆபீஸில் கேக் வெட்டினார்கள். எல்லாரும் சும்மா நிற்கிறார்களே என்று நான் வழக்கம்போல ஆரம்பித்து, பதினொரு கிளினிக்கைக் காப்பாற்றிய கதையை நடித்தே காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடமும் லேசாகச் சிரித்த மாதிரிதான் இருந்தது. கேக் வெட்டும் கத்தியைப் பிடித்தபடி, “நீங்கள் பொது ஃபைல் திறந்து பாக்கிறனீங்களோ?” என்று என்னைக் கேட்டார். “ஐயோ மேடம், அந்தப் பக்கம் தலவச்சுகூடப் படுக்கறதில்ல” என்றேன். அதற்கும் சிரிப்பு. சரி என்கிற மாதிரி “ஓம்” என்றார். கேக்கை வெட்டினார். முதல் துண்டை எனக்குக் கொடுத்தார். அவ்வளவுதான் நான் அவரைப் பார்த்தது.

இப்போது எங்களுக்கு டீம் லீடராக வந்திருப்பது புக்கிட் மெர்தாஜாம் பெண், என் தங்கச்சி மகள் வயது. கெட்டிக்காரி. கிளினிக்குகள் நாற்பதைத் தாண்டிவிட்டன. இந்த ஃபைல்களையெல்லாம் புது முறைக்கு மாற்றுகிறாள். புது முறையில் குறிப்பு வரிகளுக்கு இடம் கிடையாது. ஒவ்வொரு வரியாக எடுத்து, இது யார் போட்டது, எதற்கு, வேண்டுமா வேண்டாமா என்று பட்டியல் எழுதுகிறாள். போன வாரம் என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இங்க வந்து பாருங்கலா. பொது ஃபைல்ல ரெண்டு கமெண்ட் இருக்கு. யாரோ சாப்பாட்டப் பத்திப் பேசிருக்காங்க.”

“சாப்பாடா? நமக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான்” என்று சொல்லிக்கொண்டே குனிந்தேன்.

நாற்பத்தோராவது வரி அப்படியே இருந்தது. மேடம் அதை அழிக்கவில்லை. அன்று காலையில் நான் பெட்டி பெட்டியாகப் போய் அழித்தது அவற்றில் இருந்த நகலைத்தான். மூலத்தில், அதன் தலையில் ஒரு ஹேஷ் குறியை மட்டும் போட்டு, இயந்திரத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டு, எனக்காக வைத்திருந்தார். அதன் கீழே நாற்பத்திரண்டாவது வரி.

# சாப்பிடேல்லை. நீங்கள்?

எப்போது எழுதியது என்று பார்க்கச் சொன்னேன். அதே நாள். மாலை ஆறேகால். பாஸ் அறையிலிருந்து வந்து, என்னிடம் ‘பிறகு கதைப்பம்’ என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாள் பாஸ்வேர்டைப் பிடுங்குவதற்கு முன்னால், அந்த ஃபைலில் அவர் செய்த கடைசிக் காரியம். ஏழு வருடமாகத் தினமும் காலையில் அத்தனை கிளினிக்குகளிலும் இயந்திரங்கள் அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கின்றன. படிக்க வேண்டிய ஒரே ஆள் நான். நான் கேக் தின்றுகொண்டிருந்தேன்.

“சாப்பிடேல்லன்னா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இன்னும் சாப்பிடலன்னு அர்த்தம்மா. யாழ்ப்பாணப் பேச்சு.”

அவள் பதிவைப் பார்த்து இரண்டு வரிக்கும் எதிரே மேடத்தின் பெயரைத் தட்டினாள். “அப்போ கேட்டதும் அவங்கதான், பதில் சொன்னதும் அவங்கதானா? தனக்குத்தானே பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. பாவம்லண்ணே, யாரும் இல்லாம இருந்திருப்பாங்க போல.”

கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போனேன். ஏர்கான் போட்டு மூடிய அறையில் தூசி எங்கிருந்து வரும் என்று அவள் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. பழி போனால் போகட்டும், ஏழு வருடத்தில் எல்லாரும் மறந்த பழி. ஆனால் ஆளில்லாமல் தனக்குத்தானே பேசிக்கொண்ட பொம்பளை என்று அந்தப் பட்டியலில் மேடம் நிற்கக் கூடாது. பேச ஆள் இருந்தது. அந்த ஆள் ஒரு கோழை, ஒரு முட்டாள், வாயாடி. ஆனாலும் ஆள் இருந்தது.

கணக்குப் பிரிவில் கெஞ்சி மேடத்தின் ஈப்போ எண்ணை வாங்கினேன். மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். நேற்று மாலை வேலை முடிந்து, படகுத்துறையில் மோட்டாரை ஓரமாக நிறுத்தி, அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் யாரோ எடுத்தார்கள். “ஹலோ, ஆர் கதைக்கிறது?” என்று ஒரு குரல். மேடமா, அவர் அக்காவா என்று தெரியவில்லை. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வணக்கம்ங்க, நான் பினாங்குல இருந்து…” என்று ஆரம்பித்தேன். அதற்கு அந்தக் குரல்…

“அண்ணே! இங்கதான் உக்காந்து எழுதிக்கிட்டு இருக்கீங்களா? எல்லாரும் பாஸ் ரூம்ல இருக்காங்க. மூணு மணி ஆச்சுலா.”

“வரேம்மா. ஒரு வரிதான், முடிச்சிட்டு வரேன்.”

“பாஸ் நாப்பத்தொன்னுலயே நிக்கிறாரு. பழைய கேஸ் இது, யாரு எழுதினான்னு கன்ஃபர்ம் பண்ணிக் கொடுங்கிறாரு. மேடம்தானே? மேடம்னே சொல்லிடவா?”

“சொல்லாதே. நாப்பத்திரெண்டு மட்டுந்தான் மேடம்.”

“அப்போ நாப்பத்தொன்னு?”

“நட. அங்க வந்து சொல்றேன்.”